ஏ லைன் எங்கள் ஊர் வரை வந்த பிறகு

எங்கள் வீடு லா வெர்னில். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய முப்பது மைல், சான் கேப்ரியல் மலையடிவாரம். அமைதியான ஊர்தான், ஆனால் ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கக்கூடக் கார் சாவியைத் தேட வேண்டும். 2025 செப்டம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் மெட்ரோவின் ஏ லைன் ரயில் அசூசாவைத் தாண்டி இந்தப் பக்கம் நீண்டது. கிளெண்டோரா, சான் டிமாஸ், லா வெர்ன், பொமோனா என நான்கு புது நிலையங்கள், 9.1 மைல் புதுப் பாதை. அதற்குப் பிறகு நான் வேலைக்கு அதில் போகிறேன். குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்து தங்கிய அப்பாவும் அம்மாவும் என்னைவிட அதிகமாகவே அதில் சுற்றினார்கள். இந்தப் பக்கம் குடிவருகிறவர்கள், பெற்றோரை வரவழைக்கப்போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "அப்போ காரை வித்துடலாமா?"

முடியாது. இரண்டு கார் இருக்கும் வீட்டில் இரண்டாவதை விற்பதைப் பற்றி யோசிக்கலாம். நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

லா வெர்னிலிருந்து நகர மையத்தில் இருக்கும் யூனியன் ஸ்டேஷனுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத 210 நெடுஞ்சாலையில் காரில் போனால் அதில் பாதியே போதும். வேலை நாள் காலை ஏழரை மணிக்கு அதே தூரத்துக்குக் கார் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐம்பது நிமிடத்திலும் போய்ச் சேரலாம், ஒன்றே முக்கால் மணி நேரமும் ஆகலாம். ரயில் வேகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கிளம்பும்போதே தெரிகிறது, நான் அதற்காகத்தான் ஏறுகிறேன். என் கணக்கு எளிது. கார் நிறுத்தக் காசு கேட்கும் இடத்துக்கு ரயில், மற்ற எல்லா இடத்துக்கும் கார்.

முழுப் பாதையின் நீளம் ஏறக்குறைய 58 மைல், அதாவது 93 கிலோமீட்டர். பொமோனாவில் தொடங்கி பசடீனா, நகர மையம், வாட்ஸ், காம்டன் எல்லாம் தாண்டி கடலோரத்து லாங் பீச்சில் முடிகிறது. 48 நிலையங்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு சுமார் 60 கிலோமீட்டர் என்றால் அளவு புரியும். ஒரே மூச்சில் போட்ட பாதை இல்லை இது. 1990இல் லாங் பீச் பகுதி, 2003இல் பசடீனா பகுதி, 2016இல் அசூசா வரை என்று துண்டு துண்டாக வளர்ந்தது. நடுவில் இருந்த இடைவெளியை 2023 ஜூனில் நகர மையத்துக்குக் கீழே சுரங்கம் வெட்டி இணைத்தார்கள். அதற்கு முன் பசடீனாவிலிருந்து லாங் பீச் போக இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும். இப்போது ஏறி உட்கார்ந்தால் போதும். நேரம் ஆகும், பொறுமைதான் வேண்டும்.

பணம் வந்த வழியும் சுவாரசியம். 2008இலும் 2016இலும் இந்த மாவட்டத்து மக்கள், விற்பனை வரியை அரை சென்ட் கூட்டிக்கொள்ள வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால்தான் அது நிறைவேறும், இரண்டு முறையும் நிறைவேறியது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஆதரித்தாராம். "நீங்கள் ரயிலில் போவீர்களா?" என்றேன். "நான் எதுக்கு? மத்தவங்க போனா ரோடு காலியாகும்ல" என்றார், கூச்சமே இல்லாமல். இந்த ஊர் ரயில்களுக்குப் பாதி ஆதரவு இப்படித்தான் கிடைத்திருக்கும் என்பது என் சந்தேகம்.

இத்தனைக்கும் இந்த ஊர்கள் ரயிலால் பிறந்தவை. 1887இல் இந்த மலையடிவாரத்தில் தண்டவாளம் வந்தபோதுதான் கிளெண்டோராவும் லா வெர்னும் மனை போட்டு விற்கப்பட்டன. லா வெர்னின் அன்றைய பெயர் லார்ட்ஸ்பர்க். பிறகு ஆரஞ்சுத் தோட்டங்கள், தண்டவாளத்தை ஒட்டிப் பழங்களைப் பெட்டி கட்டும் கிடங்குகள், அங்கிருந்து நாடெங்கும் ரயிலில் பழம். பசிபிக் எலக்ட்ரிக் என்ற நிறுவனத்தின் சிவப்பு டிராம்கள் தென் கலிஃபோர்னியா முழுக்க ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட பாதையில் ஓடியிருக்கின்றன. அதன் கடைசி ஓட்டம் 1961இல், லாங் பீச் தடத்தில். இன்று ஏ லைனின் தென்பாதி ஓடுவது பெரும்பாலும் அதே தடத்தில்தான். அப்பா மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேலே போகும் மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே, "இருந்ததைப் பிடுங்கிப் போட்டுட்டு மறுபடி போட்டிருக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

ரயிலுக்குள் இருக்கும் நேரம் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்ததில்லை. தொல்லையெல்லாம் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பிறகும்தான். புது ரயில் பற்றிய பேச்சில் எல்லாரும் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு எவ்வளவு நேரம் என்றே பார்க்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை போவது எப்படி, இறங்கிய நிலையத்தைச் சுற்றி நடந்து போக என்ன இருக்கிறது, இந்த இரண்டையும் பார்க்காமல் இந்த ஊரில் ரயிலை நம்பி வீடு பிடிக்காதீர்கள். "ரயில் நிலையத்துக்கு அருகில்" என்று வீட்டுத் தரகர்கள் சொல்வது காரில் ஐந்து நிமிடத்தை.

எங்கள் வீட்டிலிருந்து நிலையம் ஒன்றரை மைலுக்குள். கும்பகோணத்தில் அப்பா காய்கறி வாங்க இதைவிட அதிகம் நடப்பார். ஆனால் இங்கே அந்த ஒன்றரை மைல் வேறு மாதிரி. நடைபாதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆளே இல்லை. மரமில்லாத இடத்தில் வெயில் நேராக மண்டையில் இறங்கும். ஆறு தடச் சாலையைக் கடக்க ஒரு பொத்தானை அழுத்திவிட்டு நிற்க வேண்டும். அழுத்தாமல் நின்றால் பச்சை விளக்கு காருக்கு விழும், நடப்பவருக்கு விழாது. முதல் நாள் அப்பா வெகு நேரம் நின்றுவிட்டு, விளக்கு பழுது என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டார். ஆகவே பெரியவர்கள் வந்தால் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது டிக்கெட் எடுப்பதை அல்ல, இந்தப் பொத்தானை. அடுத்தது வலது பக்கம் திரும்பும் கார்கள். இங்கே சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்துவிட்டு வலது திரும்ப அனுமதி உண்டு. ஓட்டுபவர் இடப்பக்கம் வரும் காரைப் பார்த்துக்கொண்டிருப்பார், வலப்பக்கம் நடந்து வரும் நம்மைப் பார்க்க மாட்டார். அவர் கண்ணைப் பார்த்த பிறகே இறங்குங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.

ரயில்வே கேட்டும் அப்படித்தான். புதுப் பாதையில் சில சாலைகளுக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் கேட். ஒரு ரயில் போன பிறகும் கேட் திறக்கவில்லை என்றால் எதிர்த்திசையில் இன்னொன்று வருகிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே சரக்கு ரயில் பாதையும் இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் குனிந்து நுழைகிற வேலையே கூடாது. இந்த மின்சார ரயில் வரும் சத்தம் அருகில் வரும்வரை காதில் விழாது.

வீட்டிலிருந்து நிலையம் போக நான் கண்ட நல்ல வழி சைக்கிள். ரயிலில் ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். சைக்கிள் வேண்டாம் என்றால் ஃபுட்ஹில் டிரான்சிட் பேருந்து, ரயிலுக்கு வாங்கும் அதே அட்டை அதிலும் செல்லும். ஆனால் பேருந்து வரும் நேரத்தைப் பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். ரயில் பகலில் எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும். பேருந்து அப்படி இல்லை. தவறவிட்டால் நடந்தே போய்விடலாம் என்கிற அளவுக்குக் காத்திருக்க நேரும். வாடகைக் கார் கூப்பிட்டால் ரயில் கட்டணத்தைவிடப் பல மடங்கு ஆகும், அப்புறம் மிச்சம் எங்கே?

இறங்கும் இடங்களுக்கு வருகிறேன். எல்லா நிலையமும் ஒன்றல்ல. பசடீனாவின் கிழக்குப் பகுதியில் சியரா மாட்ரே வில்லா, ஆலன், லேக் ஆகிய மூன்று நிலையங்களும் 210 நெடுஞ்சாலையின் நட்டநடுவே இருக்கின்றன. இரு பக்கமும் கார்கள் பறக்கும், பிளாட்பாரத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. இர்விண்டேலில் இறங்கினால் சுற்றிலும் ஜல்லிக்கல் தோண்டிய பெரும் பள்ளங்களும் தொழிற்கூடங்களும்தான். மாறாக, மெமோரியல் பார்க் நிலையத்தில் இறங்கினால் நேராகப் பழைய பசடீனாவின் கடைத்தெரு. தெற்கு பசடீனா நிலையம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நிலையத்துக்குப் பக்கத்திலேயே உழவர் சந்தை போடுவார்கள். வேலை முடிந்து வரும் வழியில் இறங்கி, கீரையும் பேரிக்காயும் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன். லிட்டில் டோக்கியோவில் சுரங்கத்திலிருந்து மேலே வந்தால் சாப்பாட்டுக் கடைகள்தான். சைவம் தேட வேண்டும், ஆனால் கிடைக்கும். எங்கள் பக்கத்துப் புது நிலையங்களில் கிளெண்டோராவுக்கும் சான் டிமாஸுக்கும் பழைய கடைத்தெரு நடக்கும் தூரத்தில் இருப்பதால் உயிர் இருக்கிறது. பொமோனா இன்னும் பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடம்தான்.

கட்டணம் எளிது. டாப் என்ற அட்டை 2 டாலர். போனிலும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு பயணம் 1.75 டாலர், பொமோனாவிலிருந்து அடுத்த ஊருக்குப் போனாலும் அதே, 58 மைல் தள்ளி லாங் பீச் போனாலும் அதே. முதலில் தட்டியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அதே திசையில் வேறு ரயிலோ மெட்ரோ பேருந்தோ மாறினால் மறுபடி காசு பிடிக்காது. ஒரு நாளில் 5 டாலருக்கு மேலும், ஏழு நாளில் 18 டாலருக்கு மேலும் போகாது, அதன் பிறகு ஓசிதான். பாஸ் எதுவும் வாங்கத் தேவையில்லை, அட்டையே கணக்கு வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கணக்கு அட்டைக்கு அட்டை தனி. ஒரே அட்டையை மாற்றி மாற்றி எல்லாரும் பயன்படுத்த முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். 62 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சலுகை அட்டை உண்டு. வயதுச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். கூட்ட நேரத்தில் 75 சென்ட், மற்ற நேரத்தில் 35 சென்ட். 35 சென்டில் தொண்ணூறு கிலோமீட்டர் போகலாம் என்றதும் அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் முக்கியம். எங்கள் பக்கத்து நிலையங்களில் வழியை மறிக்கும் கதவு கிடையாது. கம்பம் போல ஓர் இயந்திரம் நிற்கும், அதில் அட்டையைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். யாரும் தடுக்காததால் தட்ட மறந்து ஏறிவிடுவது சுலபம், பரிசோதகர் வந்தால் மறதி என்பதை ஏற்க மாட்டார். "பிளாட்பாரத்துல கால் வைக்கிறதுக்கு முன்னாடி தட்டணும்" என்று அப்பாவுக்குச் சொல்லிவைத்தேன். அவர் இப்போது எனக்கே நினைவூட்டுகிறார்.

அப்பா தனியாகப் போன முதல் பயணம் பசடீனாவுக்கு. அங்கே நார்ட்டன் சைமன் அருங்காட்சியகம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு சொந்த விஷயம் உண்டு. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் சாக்கோட்டைப் பக்கம் சிவபுரம். 1951இல் அங்கே வயலில் கிடைத்த நடராஜரைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது, போலியைத் திருப்பித் தந்துவிட்டு அசலைக் கடத்திவிட்டார்கள். கைமாறிக் கைமாறிக் கடைசியில் 1973இல் அதை வாங்கியவர் இந்த நார்ட்டன் சைமன்தான். இந்திய அரசு வழக்குப் போட்டது. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பத்து வருடம் இங்கே இருந்துவிட்டு நடராஜர் ஊர் திரும்பினார். அப்பாவின் இளமைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லார் வாயிலும் இருந்த கதை. அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் கூட்டிப்போகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ரயில் வந்த பிறகு என் விடுமுறைக்கு அவர் காத்திருக்கவில்லை.

மெமோரியல் பார்க்கில் இறங்கி கொலராடோ சாலையில் மேற்கே நடந்தால் ஒரு மைலுக்குள். வழியெல்லாம் கடைகள், ஆட்கள், நிழல். எங்கள் வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்த ஒன்றரை மைலைவிட இது பாதி தூரம்போல இருந்தது என்றார். நான் மேலே சொன்னதும் அதைத்தான். செவ்வாய், புதன் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, மற்ற நாட்களிலும் நண்பகலுக்குப் பிறகே திறக்கிறது. வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும். திரும்பி வந்தவர் சிலைகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு சோமாஸ்கந்தர் முன்னால் நின்று கும்பிட்டதையும், காவலர் அதை ஒன்றும் சொல்லாததையும் சொன்னார். ரயிலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு வீட்டின் நிலவரமே மாறிவிட்டது. வருகை விசாவில் வரும் பெற்றோர் வாரநாள் முழுக்க நான்கு சுவருக்குள் இருந்து, சனிக்கிழமை காஸ்ட்கோ பெருங்கடைக்கு அழைத்துப் போகும் பிள்ளைக்காகக் காத்திருப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள கதை. முந்தைய முறை வந்தபோது இரண்டாம் மாதமே ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னார்கள். இந்த முறை நான் வேலை முடிந்து வரும்போது, "இன்னைக்கு மன்ரோவியா லைப்ரரி வரைக்கும் போனோம்" என்று அவர்கள் எனக்குச் சொல்கிறார்கள். கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஏ லைன் ஒரு மாற்று வழி. ஓட்ட முடியாதவர்களுக்கு அது ஒன்றுதான் வழி. பதினாறு வயது ஆகாத பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ரயிலில் எத்தனை காரோட்டிகள் ஏறினார்கள் என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இவர்களைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

புத்தாண்டுக் காலையில் பசடீனாவில் நடக்கும் ரோஜா அணிவகுப்புக்கும் ரயிலில்தான் போனோம். பூ, இலை, விதை போன்ற இயற்கைப் பொருட்களால் மட்டுமே அலங்கரித்த வண்டிகள் கொலராடோ சாலையில் வரும், காலை எட்டு மணிக்குத் தொடக்கம். சாலைகளை மூடிவிடுவார்கள், கார் நிறுத்த நூறு யோசனை செய்ய வேண்டும். லேக் அல்லது ஆலனில் இறங்கித் தெற்கே கொஞ்சம் நடந்தால் போதும், மெமோரியல் பார்க்கைவிட நெரிசல் குறைவு. போகும்போது இருட்டும் குளிரும் இருக்கும், கம்பளி வேண்டும். திரும்பும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அணிவகுப்பு முடிந்ததும் ஓடாமல் அங்கேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். வீடில்லாதவர்கள் இந்த ரயில்களில் தூங்குவதைப் பார்ப்பீர்கள். அவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. சில நேரம் நாற்றம் தாங்காது, சில நேரம் தனக்குத்தானே கத்துகிறவர் இருப்பார், புகைப்பவரும் உண்டு. பகலில் எங்கள் மலையடிவாரப் பகுதியில் இது குறைவு. இரவிலும், நகர மையத்துக்குத் தெற்கேயும் கொஞ்சம் கூடுதல். நான் செய்வது இதுதான்: ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுவேன். பெட்டி சரியில்லை என்று பட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறுவேன், வாதாட மாட்டேன். கதவுக்கு அருகில் உட்கார்ந்து போனைக் கையில் நீட்டிப் பிடிக்க வேண்டாம், கதவு மூடும் நேரத்தில் பறித்துக்கொண்டு ஓடுவது சுலபம். நிலையங்களில் பச்சைச் சட்டையில் வழிகாட்டும் பணியாளர்கள் இருப்பார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனாலும் அவர்களிடம் "பொமோனா?" என்று கேட்டுச் சரியான பக்கம் நின்றுகொள்வார்.

கழிப்பறை இன்னொரு பெரிய விஷயம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இதுதான் முதல் விஷயம். ஏ லைன் ரயிலுக்குள் கழிப்பறை இல்லை. பெரும்பாலான நிலையங்களிலும் இல்லை. சில நிலையங்களில் த்ரோன் என்ற சிறு கழிப்பறை வைத்திருக்கிறார்கள், போன் மூலம் கதவு திறக்கும், சுத்தமாகவே இருக்கிறது. யூனியன் ஸ்டேஷனில் உண்டு. பெரியவர்களோடு நீண்ட பயணம் என்றால் நடுவில் எங்கே இறங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அல்லது பொமோனா நிலையத்திலேயே அடுத்த பிளாட்பாரத்தில் நிற்கும் மெட்ரோலிங்க் ரயிலில் ஏறுங்கள். அது வேறு நிறுவனம், வேறு டிக்கெட், விலையும் கூட. ஆனால் நிறுத்தம் குறைவு, யூனியன் ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போய்விடும், உள்ளே கழிப்பறை இருக்கிறது. அடிக்கடி வராது, நேரம் பார்த்துப் போக வேண்டும். காலையில் அவசரமாகப் போகும்போது மெட்ரோலிங்க், நிதானமாகத் திரும்பும்போது ஏ லைன் என்று கலந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெயர் ஏமாற்றும் இடங்கள் இரண்டு. ஆர்டீசியா என்றதும் நம் ஆட்களுக்கு பயனியர் சாலையில் இருக்கும் இந்தியக் கடைகளும் தோசையும்தான் நினைவுக்கு வரும். ஏ லைனில் ஆர்டீசியா என்று ஒரு நிலையம் இருக்கிறது, அது காம்டனில் ஆர்டீசியா சாலைக்குப் பக்கத்தில் உள்ளது. கடைத்தெரு அங்கிருந்து பல மைல் கிழக்கே. எங்கள் நண்பர் ஒருவர் மாமியாரோடு அங்கே இறங்கி நின்ற கதையை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம், மாமியார் மட்டும் சிரிப்பதில்லை. பயனியர் சாலை வரைக்கும் தனி ரயில் பாதை போட திட்டம் இருக்கிறது, வரும்போது வரட்டும். மற்றது பொமோனா. ஏ லைன் போவது வடக்கு பொமோனாவுக்கு. பொமோனாவின் கடைத்தெருவும் பழைய ரயில் நிலையமும் அங்கிருந்து தெற்கே தள்ளி இருக்கின்றன, நடக்கும் தூரம் இல்லை.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு: பொமோனாவிலிருந்து மேற்கே போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். மலை கூடவே வரும், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் உச்சியில் பனி தெரியும். ஆர்கேடியாவில் ரயில் 210 நெடுஞ்சாலையைத் தாண்டும் பாலத்தில் பெரிய கூடை மாதிரி இரண்டு தூண்கள் நிற்கும். இந்த மண்ணின் பழங்குடியினர் முடைந்த கூடைகளை நினைத்துச் செய்ததாம். ஹைலேண்ட் பார்க்கில் வீட்டு வாசல்களை ஒட்டி ரயில் மெதுவாக ஊர்ந்து போகும். சுரங்கம் முடிந்து பிக்கோ நிலையம் தாண்டியதும் சாலை நடுவே ஓடி, கார்களோடு சேர்ந்து சிக்னலில் நிற்கும். ரயிலே சிவப்பு விளக்குக்கு நிற்கிறதா என்று அப்பா எழுந்தே பார்த்தார். அந்தப் பகுதியில் அவசரப்பட்டுப் பயனில்லை.

விமான நிலையத்துக்குப் பெட்டிகளோடு போவதற்கு மட்டும் ஏ லைனைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பெரிய பெட்டி, ஊறுகாய் டப்பா, தூக்கக் கலக்கத்தில் பெரியவர்கள் என்றால் காரே நல்லது. தனி ஆளாக, சிறு பெட்டியோடு என்றால் யூனியன் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து ஃப்ளைஅவே பேருந்து நேராக விமான நிலைய முனையங்களுக்குப் போகிறது.

இப்போது ஊரில் இருந்து வரும் போன்களில் பாதி கிரிக்கெட் பற்றியது. 1900க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறது, 2028 ஜூலையில். இருபது ஓவர் ஆட்டம், ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் ஆறு ஆறு அணிகள். ஆடுவது லாஸ் ஏஞ்சல்ஸில் என்று சொன்னாலும் இடம் பொமோனாவின் கண்காட்சித் திடல், ஃபேர்பிளெக்ஸ், எங்கள் லா வெர்ன் நிலையத்துக்குத் தெற்கே. நிலையத்தின் முழுப் பெயரிலேயே ஃபேர்பிளெக்ஸ் உண்டு. வருகிறவர்கள் பொமோனா என்று தேடி வடக்கு பொமோனா வரை போய்விட வேண்டாம், ஒரு நிலையம் முன்னாலேயே இறங்க வேண்டும். தங்குவதற்கு விமான நிலையத்துப் பக்கமோ ஹாலிவுட்டிலோ அறை எடுத்தால் தினமும் பாதி நாள் வழியிலேயே போய்விடும். பசடீனாவில் மெமோரியல் பார்க், டெல் மார் நிலையங்களுக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். அங்கிருந்து மாறாமல் ஒரே ரயில், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் விலை குறைவாக வேண்டுமென்றால் மன்ரோவியா, டுவார்ட்டே பக்கம் பாருங்கள். ஜூலையில் இங்கே வெயில் 38 டிகிரியைத் தொடும், பிளாட்பாரத்தில் நிழல் குறைவு, தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் வேண்டும். எங்கள் வீட்டில் தங்கலாமா என்று கேட்டு வைத்திருப்பவர்கள் பட்டியல் ஏற்கெனவே நீளம், புதிதாக எடுத்துக்கொள்வதாக இல்லை.